சாத்திய கதவும் வேளைக் கீரையும்

காட்டுக் கீரைக்கு இது நல்ல காலம். ரீல்ஸில் யாரோ ஒருவர் சதுப்பு ஓரத்தில் குனிந்து ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, 'லேசா உப்பு கரிக்குது, சூப்பர்' என்கிறார். வாட்ஸ்அப் குழுக்களில் 'சங்கத் தமிழர் உண்ட கீரைகள்' என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதன் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்.

இயைந்துதான் வாழ்ந்தார்களா? பட்டியலில் உள்ள ஒரு கீரையை மட்டும் எடுத்துக்கொண்டு பாடல்களுக்குள் போய்ப் பார்ப்போம். வேளைக் கீரை.

வேளை என்பது நல்வேளை என்று பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். தைவேளை என்றும் பெயருண்டு. விரித்த கைபோல ஐந்து சிற்றிலை, வெள்ளைப் பூ. குப்பைமேடு, வரப்பு, தெருவோரம் என்று எங்கும் தானாக முளைக்கும். மஞ்சளாகப் பூக்கும் நாய்வேளை வேறு. இந்தச் செடியைத் தேடி நாம் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மலாய்க்காரர்கள் மாமான் என்று சொல்வது இதைத்தான். நெகிரி செம்பிலானில், குறிப்பாக கெமெஞ்சே பக்கம், இதை உப்பும் சோற்றுநீரும் சேர்த்துப் புளிக்கவைத்து ஜெருக் மாமான் என்று விற்கிறார்கள். ரெண்டாங்கும் செய்வார்கள். அங்கே அது ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பண்டம்.

சிறுபாணாற்றுப்படையில் அதே செடி வருகிறது. நல்லூர் நத்தத்தனார், நல்லியக்கோடனைப் பாடிய 269 அடிப் பாட்டு. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணனிடம் தன் பழைய நிலையைச் சொல்கிறான். அவன் காட்டுவது ஒரு அடுக்களை. கண் திறக்காத குட்டிகளை ஈன்ற நாய் அங்கே கிடந்து குரைக்கிறது. இற்ற சுவரில் கரையான் ஏறியிருக்கிறது. காளான் பூத்திருக்கிறது. அடுப்பு பல நாள் எரியவில்லை என்று பாணன் சொல்லவே இல்லை. நாயும் காளானும் சொல்லிவிடுகின்றன. பசியில் ஒடுங்கிய அவன் வீட்டுக் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பெரிய சுற்றத்தோடு உட்கார்ந்து பகிர்ந்து உண்கிறாள்.

ஏன் கதவைச் சாத்தினாள்? மடவோர் பார்த்துவிடுவார்களே என்ற நாணம். வறுமை வருவதும் இயல்புதான் என்று அறியாத, புறம் பேசுகிறவர்கள் என்று உரை இதை விளக்குகிறது. கவனித்தால், அவள் கீரைக்காக வெட்கப்படவில்லை. பசிக்காகவும் வெட்கப்படவில்லை. பார்வைக்காக வெட்கப்படுகிறாள். சுற்றத்தார் அத்தனை பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள், அவர்களிடம் நாணம் இல்லை. கதவுக்கு வெளியே இருப்பவனிடம்தான் நாணம்.

புறநானூறு 159 இன்னும் கொஞ்சம் கிட்டே போகிறது. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடியது. தாய் கிழவி, இத்தனை ஆண்டு கழிந்தும் உயிர் போகவில்லையே என்று நொந்துகொள்கிறாள், கோலூன்றியும் முற்றத்தைத் தாண்ட முடியவில்லை. மனைவியைப் பல பிள்ளைகள் பிசைந்து உண்டு மெலிய வைத்திருக்கிறார்கள். அவள் குப்பைக் கீரையின் இளந்தளிரைப் பறித்து, உப்பும் மோரும் இல்லாமல் நீரில் வேகவைத்துச் சாப்பிடுகிறாள். இங்கே கீரையின் தனிப்பெயர் இல்லை, குப்பைக் கீரை என்பதோடு சரி. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. அவள் பறிக்கும் தளிர், முன்பு கொய்த கணுவிலிருந்து மறுபடி துளிர்த்தது என்கிறார் கவிஞர்.

இந்த ஒரு விவரத்தில் நான் நின்றுவிட்டேன். செடியை வேரோடு பிடுங்காதே, கணுவை விட்டுக் கிள்ளு, மறுபடி துளிர்க்கும் என்பது இன்றைக்குக் கீரை பறிக்கக் கற்றுத்தருகிறவர்கள் சொல்லும் பாடம். அந்த அறிவு பாட்டில் முழுசாக இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: அவள் இதே செடிக்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கிறாள். நேற்றும் சோறு இல்லை, முந்தாநாளும் இல்லை. தளிர் முற்றுவதற்குள் திரும்ப வந்திருக்கிறாள். தாவர அறிவும் பசிக் கணக்கும் ஒரே சொற்கட்டில் உட்கார்ந்திருக்கின்றன. வாட்ஸ்அப் பட்டியல் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை உதறிவிடுகிறது.

சரி, வேளை என்றாலே பஞ்சப் பாட்டுதானா? அப்படியும் இல்லை. புறநானூறு 215இல் கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கப் போகும் நேரத்தில், தன் நண்பர் பிசிராந்தையார் கட்டாயம் வருவார் என்கிறான். அவர் வாழும் பாண்டிநாட்டை எப்படி அறிமுகப்படுத்துகிறான்? எருப் பொடி படிந்த தெருவில் பூத்த வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் இட்டு ஆய்மகள் ஆக்கிய புளிப்பான கூழ், குத்திய வரகுச் சோறு, அவரை பறிக்க வந்தவர்கள் அதை வயிறார உண்பது. இங்கும் வேளை முளைப்பது எருவும் குப்பையும் உள்ள இடத்தில்தான். ஆனால் பக்கத்தில் தயிர் இருக்கிறது, வரகு இருக்கிறது, உண்கிறவர்களுக்கு வேலை இருக்கிறது. கதவைப் பற்றிய பேச்சே இல்லை.

புறநானூறு 246இல் மறுபடி வேளை. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்புகத் துணிந்த அவன் மனைவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் பேசுகிறாள். கைம்பெண் வாழ்க்கை என்றால் என்ன என்று அவள் அடுக்குகிறாள்: நெய் தொடாத சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளை, பாய் இல்லாத பருக்கைக்கல் படுக்கை. இங்கே உணவில் புளி இருக்கிறது, எள் இருக்கிறது, சோறும் இருக்கிறது. பாணன் வீட்டைவிட வளமான தட்டு. ஆனாலும் அது தண்டனை. வீட்டில் நெய் இருந்தாலும் அவளுக்குக் கிடையாது என்பதுதான் அதன் பொருள்.

செடியை மாறிலியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றிப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஒரே வேளை ஓரிடத்தில் வெட்கம், ஓரிடத்தில் விருந்து, ஓரிடத்தில் விதிக்கப்பட்ட நோன்பு. சத்தும் சுவையும் செடியில் இருக்கலாம், மானமும் அவமானமும் செடியில் இல்லை. யார் பறிக்கிறார், வேறு என்ன கிடைக்கிறது, யார் பார்க்கிறார் என்ற மூன்றில் இருக்கின்றன. 'சங்கத் தமிழர் வேளை உண்டனர்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறவர் இந்த மூன்றையும் அழித்துவிடுகிறார். அது தகவல் பிழை இல்லை, வாசிப்புப் பிழை.

ஆனால் எனக்குள் உறுத்திக்கொண்டிருப்பது வேறொன்று. அந்தக் கிணைமகள் யாரும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தினாள். பாணன் அதை வழியில் நின்று இன்னொருவனிடம் சொல்லிவிட்டான். நத்தத்தனார் பாட்டாக்கிவிட்டார். உ.வே.சா. பத்துப்பாட்டை 1889இல் அச்சிட்டார். இப்போது நாம் எல்லோரும் அந்த அடுக்களைக்குள் நின்றுகொண்டிருக்கிறோம். அவள் சாத்திய கதவைக் கவிதை திறந்துவிட்டது. அதுவும் சும்மா திறக்கவில்லை, பரிசிலுக்காகத் திறந்தது. பசியைச் சொல்லும் அந்த ஓட்டம் முடிவதற்குள் யானையும் தேரும் வந்துவிடுகின்றன.

'அது மரபுச் சித்திரம்தானே, உண்மையான பெண் யாரும் இல்லையே' என்று சொல்லலாம். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. வீட்டுப் பெண்ணின் பசியைச் சபையில் சொல்வது மரபானதே அது பலித்ததால்தான். இன்னொன்றையும் பாருங்கள். இந்தப் பாடல்களில் கீரையைப் பற்றித் தன் வாயால் பேசும் ஒரே பெண் பெருங்கோப்பெண்டு. அவளும் வேண்டாம் என்று சொல்லத்தான் பேசுகிறாள்.

இதை நம் பக்கம் திருப்பாமல் இருக்க முடியவில்லை. நம் வட்டாரத் தோட்டப்புறக் கதைகளிலும் கவிதைகளிலும் கீரை கிள்ளும் பாட்டி ஒருத்தி அடிக்கடி வருவாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே குனிந்து நடப்பாள். எது வல்லாரை, எது விஷம் என்று தெரியும். கைப்பக்குவம் இருக்கும். பேரனோ பேத்தியோ நகரத்து அடுக்குமாடியில் உட்கார்ந்து அந்த மணத்தை நினைத்து ஏங்குவார்கள். கதை முடிந்துவிடும். பாட்டி ஏன் கிள்ளினாள் என்று கதை கேட்காது. அன்றைக்குக் கூலி என்ன, கடையில் பற்று எவ்வளவு, பக்கத்து லயத்துக்காரி பார்த்து என்ன சொன்னாள், எதுவும் வராது. கதவே இல்லாத வீட்டில் அவளை உட்கார வைத்திருக்கிறோம்.

ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பர்மா, சயாம் அரிசி வரத்து அற்றுப்போய், மலாயாவும் சிங்கப்பூரும் மரவள்ளியிலும் சர்க்கரைவள்ளியிலும் கிடைத்த இலை தழைகளிலும் உயிர் வைத்திருந்தன. அதைக் கடந்துவந்த பெரியவர்களில் சிலர் பிறகு மரவள்ளியைத் தொடவே மாட்டார்கள். 'என்ன பாட்டி, இது உடம்புக்கு நல்லது' என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அந்த முகத்தில் வருவதைத்தான் நம் கதைகள் எழுதவில்லை.

கீரை தேடிப் போவதை நான் குறை சொல்லவில்லை. செடியின் பெயர் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் அது நல்ல பழக்கம். (சிங்கப்பூரில் பூங்காக்களில் கிள்ளினால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் வீட்டில் அரிசி இருக்கிறது என்று தெரிந்து குனிகிறவரும் அரிசி இல்லாமல் குனிகிறவரும் ஒரே செடியைத் தொட்டாலும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. இருவரையும் 'இயற்கையோடு இயைந்தவர்கள்' என்று ஒரே சொல்லால் அழைக்கும் எழுத்து, இரண்டாமவரை இன்னொரு முறை பட்டினி போடுகிறது.

அப்படியானால் அடுத்தவர் பசியை எழுதவே கூடாதா? பெருஞ்சித்திரனாரிடமே இதற்கு ஒரு பதில் இருப்பதாக நினைக்கிறேன். 159ஆம் பாட்டின் முடிவில், யானையே ஆனாலும் மனமில்லாமல் கொடுத்தால் வாங்கமாட்டேன், மகிழ்ந்து கொடுத்தால் குன்றிமணி அளவும் போதும் என்கிறார். மனைவியின் கிழிந்த உடையைச் சபையில் சொன்னவர், அதைச் சொன்னதாலேயே குனிந்து நிற்க மறுக்கிறார்.

அடுத்து 163. குமணனிடம் பெற்ற செல்வத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்புகிறவர்களுக்கும் நீ விரும்புகிறவர்களுக்கும் கொடு, சுற்றத்தாருக்குக் கொடு, பசித்த நாளில் நமக்குக் கைமாற்றுத் தந்தவர்களுக்குக் கொடு. இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக் கேட்காதே, சேர்த்துவைத்து வாழலாம் என்றும் நினைக்காதே. எல்லோருக்கும் கொடு.

குப்பைமேட்டில் கீரை கிள்ளியவள் இப்போது கொடுக்கும் இடத்தில் நிற்கிறாள், கணவனைக்கூடக் கேட்கத் தேவையில்லாமல். அவள் பசியை வைத்துச் சம்பாதித்ததை அவள் கையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். இரண்டு பாடல்களையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகிறது. 159ஐ மட்டும் எடுத்து 'வறுமையின் உருக்கமான சித்திரம்' என்று பாடநூலில் போடுவது பாதிக் கணக்கு.

நம் கதைப் பாட்டிகளை நாம் 159 வரைதான் கொண்டுவந்திருக்கிறோம், அதையும் பசியை நீக்கிவிட்டு. அவள் கையில் எதையாவது கொடுக்கும் 163 இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுத முதலில் அவளுக்குச் சாத்த ஒரு கதவு வேண்டும், அதை அவள் ஏன் சாத்தினாள் என்று கேட்கிற பொறுமை நமக்கு வேண்டும். கீரையின் பெயரை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.