மண் ஓட்டுக்குள் திராட்சை

காபூலுக்கு வடக்கே, ஷொமாலிச் சமவெளிப் பக்கத்துக் கிராமங்களில் திராட்சைக்கு மண்ணால் ஓடு கட்டுகிறார்கள். காங்கினா என்று பெயர். களிமண்ணையும் வைக்கோலையும் நீர் விட்டுப் பிசைந்து, இரண்டு அகலக் கிண்ணங்களாகத் தட்டி, வெயிலில் காய வைப்பார்கள், சூளையெல்லாம் கிடையாது. தோல் தடித்த, அடிபடாத பழங்களாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் அடுக்கி, மற்றதை அதன் மேல் கவிழ்த்து, விளிம்பை ஈரமண்ணால் பூசிவிட்டால் போதும். மார்ச் மாதத்து நவ்ரூஸ் புத்தாண்டு வரை கெடாது. உடைக்கும்போது வைக்கோல் நறநறக்கும். மண் வாசனையைத் தாண்டி வருவது, கடித்தால் இன்னும் சாறு தெறிக்கிற பழம். குளிர்பெட்டிக்கு நான் எதிரியல்ல, ஆனாலும் இந்த ஓட்டின் மீதுதான் மரியாதை.

1999இல் தாலிபான் படைகள் இந்தச் சமவெளியின் கொடிகளையும் பழத்தோட்டங்களையும் எரித்து, குடும்பங்களைத் துரத்தின. கொடியை மறுபடி நடலாம். ஆனால் எந்தக் கொத்து குளிர்காலத்தைத் தாங்கும் என்று தொட்டே அறிகிற விரல்கள் தோட்டத்தில்தான் பழகும். பெரியவர் பறிக்கையில் பக்கத்தில் பிள்ளை நிற்க வேண்டும். போர் கலைத்தது அந்த நிற்பை. ஆனாலும் கைப்பழக்கம் முழுக்க அற்றுப்போகவில்லை. குளிர் முடிகிற நாட்களில் காபூல் கடைகளுக்குக் காங்கினா இப்போதும் வருகிறது. கீறல் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.