பள்ளி ஏடுகளில் பிழைகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கென அச்சாகும் ஏடுகளில் மலிந்து கிடக்கும் எழுத்துப் பிழைகளைப் பற்றியும் நிறுத்தக்குறிப் பிழைகளைப் பற்றியும் சில கூற விரும்புகின்றோம். இது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் நம்மிற் பலர் உளர். அது தவறென்பதே நமது துணிபு. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிகளிற் குடியேறிய ஏழைக் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளையின் பாடப் புத்தகமே வீட்டிலுள்ள ஒரே தமிழ் நூல். ஒப்பிட்டுப் பார்க்க வேறு நூல் இல்லாத இடத்தில் அச்சிலிருப்பதே பிரமாணமாகின்றது.

இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென விதித்தது. கங்காணியோ கிராணியோ உபாத்தியாயராக நின்று, இந்தியாவிலிருந்து வந்த புத்தகத்தைக் கொண்டு கற்பித்த காலம் அது. அன்றைய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்றோ 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், இந்நாட்டிலேயே எழுதப்பெறும் பாடநூல்களும் நமக்கு உள்ளன. பழைய சமாதானம் இனிச் செல்லாது.

பிழையால் விளையும் கேடு யாது? ‘பணிக்குச் சென்றான்’ என்பது ‘பனிக்குச் சென்றான்’ என அச்சாகுமாயின் பிள்ளை எதனை விளங்கிக்கொள்ளும்? ‘கீரைக்கடை’ என்றால் கீரை விற்கும் இடம். ஒற்றை விட்டுக் ‘கீரை கடை’ என்றால் மத்தெடுத்துக் கடையுமாறு ஏவுவது. ‘பள்ளிக்கு நிலம் வழங்கிய முனியனின் மாமன்’ என்னுமிடத்து வழங்கியவன் முனியன். ‘வழங்கிய’ என்பதன்பின் ஒரு காற்புள்ளி இடுக, வழங்கியவன் மாமனாகிவிடுவான். கொடையாளியையே மாற்றவல்லது ஒரு சிறு புள்ளி.

ஏட்டுச் சுவடிகளில் ஓலை கிழியுமென்று அஞ்சி மெய்யெழுத்துக்கும் புள்ளியிடாது விட்டனர். அச்சு வந்தபின், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தம் வசன நூல்களில் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்டார். சாதி பற்றிய அவர் கொள்கை நமக்குச் சிறிதும் உடன்பாடன்று. ஆயினும், பிள்ளைகளுக்கெனப் பாலபாடம் இயற்றி, தெளிவாக வாசிக்கத்தக்க வசனத்தை அச்சிலேற்றிய அவருடைய உழைப்பை மறுப்பது நேர்மையாகாது.

இனி, பிழைகள் எவ்வாறு நுழைகின்றன என்பதைப் பார்ப்போம். மலாய் மூலத்தினின்று அவசரத்தில் பெயர்க்கப்படும் பக்கங்களில், மூலத்தில் காற்புள்ளி நின்ற இடத்திலேயே தமிழிலும் அதனை நிறுத்திவிடுகின்றனர். வினை இறுதியில் வரும் நம் வாக்கியத்துக்கு அவ்விடம் பொருந்துமா என்று எண்ணுவதில்லை. மற்றொன்று கணினியால் வருவது. தமிழெழுத்தைக் கோக்கத் தெரியாத பக்கவடிவமைப்பு மென்பொருளில் பாடத்தை ஒட்டினால், கொம்பு தன் எழுத்துக்கு முன் நில்லாது பின்னே சென்று அடுத்த எழுத்தோடு சேர்கின்றது. ‘வேகம்’ என்பது ‘வகேம்’ ஆகின்றது. தமிழறியாத வடிவமைப்பாளர் அதனைக் காணார். தமிழறிந்தவரோ அச்சுக்கு முன் இறுதிப் படியைக் காட்டுமாறு கேளார்.

ஒருமுறை நுழைந்த பிழை எளிதில் வெளியேறுவதுமில்லை. 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் ஏழைப் பெற்றோரின் சுமையைக் குறைத்த நற்றிட்டம். அதனை நாம் போற்றுகின்றோம். ஆயினும், ஒரே பிரதி பல பிள்ளைகளின் கைமாறுவதால், அண்ணன் கற்ற பிழையையே தம்பியும் கற்கின்றான். கடைகளில் விற்கும் பயிற்சி ஏடுகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது.

“எழுத்தையே மாற்றிய சீர்திருத்தக்காரர்களுக்கு எழுத்துப் பிழையைப் பேச உரிமை ஏது?” என்று சிலர் நகைக்கக்கூடும். பெரியார் 1935ஆம் ஆண்டில் ‘குடி அரசு’ ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வடிவங்களைக் கைக்கொண்டன. குழந்தையின் சுமையைக் குறைக்க, காரணங்காட்டி, யாவரும் ஒருமுகமாய் ஏற்பது சீர்திருத்தம். பக்கத்துக்கொரு விதமாய் எழுதிக் குழந்தையின் சுமையைப் பெருக்குவது பிழை. இரண்டையும் ஒன்றாகக் காண்பவர் சீர்திருத்தத்தை அறியாதவரே.

நம் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. ஓரேட்டில் ‘சிலாங்கூர்’, மற்றோரேட்டில் ‘செலாங்கூர்’. ஓரிடத்தில் ‘சாலாக் செலாத்தான்’, வேறோரிடத்தில் ‘சலாக் செலாத்தான்’. தான் வாழும் ஊரின் பெயரை எழுதப் பிள்ளை தயங்க நேர்வது நமக்குப் பெருமையாகாது.

ஆதலால் நாம் வேண்டுவன இவை. பழைய தமிழ் நூல்களின் இறுதியில் ‘பிழையும் திருத்தமும்’ என்றொரு பக்கம் இருக்கும். அத்தகைய திருத்தப் பட்டியலைப் பதிப்பாளர் ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்புதல் வேண்டும். ஆசிரியர் அதனைக் கொண்டு பிள்ளைகளின் பிரதிகளைத் திருத்தலாம். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் ஏட்டில் அச்சாதல் வேண்டும். அவருக்குத் தக்க கூலியும் தரல் வேண்டும். ஊர்ப்பெயர்களுக்கு ஒரே பட்டியலை ஆசிரியர் சங்கங்கள் வகுத்தல் வேண்டும். பயிற்சி ஏடுகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆய்ந்து பார்த்தே வாங்குதல் வேண்டும்.

யாவற்றுக்கும் மேலாக, புத்தகத்தின் பிழையைப் பார்த்தெழுதிய பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைக்கும் கொடுமை ஒழிதல் வேண்டும். ‘புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஐயா’ என்று ஒரு சிறுவன் எழுந்து சொன்னால், அவனை உட்காரச் சொல்லாமல் அப்பக்கத்தை வாங்கிப் பார்ப்பதே ஆசிரியர் கடமை.