இன்னும் இருவர் வரவில்லை

நாவலைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் செய்கிறோம். உலகெங்கும் எண்ணற்றோர் இரவுகளைச் செலவிடும் கணினி விளையாட்டை மட்டும், ‘பிள்ளைகளைக் கெடுக்க வந்த சனியன்’ என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுகிறோம். நானும் அவ்வாறு ஒதுக்கியவன்தான், 2011-ஆம் ஆண்டு வரை.

அவ்வாண்டு விடுமுறையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரியும் என் அக்காள் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு உணவு முடிந்ததும் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினிமுன் அமர்ந்துவிடுவான். கையில் ஜாய்ஸ்டிக்; காலடியில் விமானத்தில் உள்ளவை போன்ற மிதிகள். ‘ஏசஸ் ஹை’ என்பது விளையாட்டின் பெயர். இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களைப் பலரும் இணையத்தின் வழியாக ஒரே வானத்தில் ஓட்டிப் போரிடுவது. மாதச் சந்தா ஏறத்தாழ 15 டாலர். அதிலுள்ள மூன்று நாடுகளுக்கும் சதுரங்கக் காய்களின் பெயர்களே: பிஷப், நைட், ரூக். அவன் பிஷப் அணி. மாமனும் ஆயருக்குக் கீழே, மருமகனும் ஆயருக்குக் கீழே என்று சிரித்துக்கொண்டோம்.

மற்ற நாள்களில் எத்தனை முறை வீழ்ந்தாலும் மீண்டும் புறப்படலாம். வெள்ளிக்கிழமைச் சிறப்புப் போரில் மட்டும் ஒருவருக்கு ஒரே உயிர். அவனும் அவனுடைய ஸ்குவாடைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கடல்மேல் பறந்தார்கள். திரையில் மேகமும் நீலமும் தவிர வேறொன்றுமில்லை. “இதில் என்னடா விளையாட்டு இருக்கிறது?” என்றேன். “கொஞ்சம் பேசாம இருங்க மாமா, பின்னாலே பாக்கணும்” என்றான். பிறகு மூன்றே நிமிடச் சண்டை. அவன் விமானம் எரிந்து கடலில் விழுந்தது. ‘சரி, முடிந்தது, படுக்கப் போகலாம்’ என்று எழுந்தேன். அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“நான் செத்துட்டேன் மாமா. ஆனா இன்னும் ரெண்டு பேர் வரலையே.”

அந்த இருவரில் ஒருவருடைய இயந்திரம் பழுதுபட்டு எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி முழுவதும் கறுப்பு. அரைமணி நேரம் இவன் அவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஓடுதளத்தில் சக்கரம் பட்டபின்தான் ஹெட்போன் இறங்கியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வர நேரமாயிற்று.

இறப்பில்லாத போரில் வீரம் எங்கிருந்து வரும்? இவ்வகை விளையாட்டுகளைப் பற்றிக் கேட்கத்தக்க முதற்கேள்வி இதுவே. சுடப்பட்டால் காயமில்லை, விழுந்தால் அடுத்த நொடி வேறொரு விமானம். அஞ்சுவதற்கே ஒன்றுமில்லாத இடத்தில் அஞ்சாமைக்கு என்ன பொருள்? அன்று நான் கண்ட விடை, அங்கே பணயம் வைக்கப்பட்டது உயிரன்று, பெயர் என்பதே.

1980-களின் இறுதியில் கெஸ்மாய் நிறுவனம் ‘ஏர் வாரியர்’ விளையாட்டைத் தொலைபேசி இணைப்பின் வழியே நடத்தியபோது, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தியே பறக்க வேண்டியிருந்தது. ஆகவே வந்தவர் சிலர். வந்தவர்களே மீண்டும் மீண்டும் வந்தனர். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புப்பெயர். யார் நேர்மையாளர், யார் ஓடுதளத்தில் எழும்பும் விமானத்தை வட்டமிட்டு வேட்டையாடும் கழுகு என்பது ஊரறிந்த செய்தி. 2001-இல் அது மூடப்பட்டது. அதன் வழிவந்த ஏசஸ் ஹையிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ வீழ்த்திவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கினால், அழைப்புப்பெயரும் குழுவின் பெயரும் சேர்ந்து வானிலுள்ள அனைவர் திரையிலும் தோன்றும். வீழ்த்தப்பட்டவரே சில வேளை வணக்கம் தட்டெழுதி அனுப்புவார். கணக்கேட்டில் ஏறாத வணக்கம் அது.

அங்கே நிலவிய மரியாதைகள் நம் மரபுக்கு நேர்மாறானவை என்பதையும் சொல்ல வேண்டும். மார்பில் ஏற்ற புண்ணே விழுப்புண், முதுகில் பட்டது இழிவு என்று பாடிய புறப்பாடல்களில் வளர்ந்தவர்கள் நாம். வான்போரிலோ எதிரியின் முதுகைப் பிடிப்பதே முழுக்கலையும். நேருக்கு நேர் பாய்ந்து ஒருவரையொருவர் சுடுவதைப் பழைய வீரர்கள் இகழ்ந்தார்கள். அது நாணயத்தைச் சுண்டிவிடுவது போன்றது, திறமைக்கு அங்கே இடமில்லை என்பது அவர்கள் வாதம்.

பின்னால் வருபவனே பகைவன் என்றால், பின்னால் பார்க்கும் கண் வேண்டும். தனக்கு இல்லாத அந்தக் கண்தான் தோழன். அமெரிக்கக் கடற்படை விமானி ஜிம்மி தாட்ச், ஜப்பானியரின் ஸீரோ தம்முடைய வைல்டு கேட்டை விட வேகமாகத் திரும்பும் என அறிந்து, மேசைமேல் தீக்குச்சிகளை வைத்து ஒரு வழி கண்டார். இரு விமானங்கள் இடைவெளி விட்டு இணையாகப் பறக்கும். ஒன்றின் பின்னால் எதிரி வந்தால், இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும். துரத்தி வருபவன் தோழனுடைய துப்பாக்கிக்கு முன் வந்து நிற்பான். 1942 ஜூன் 4 அன்று மிட்வே போரில் அது பயன்பட்டது. முதுகில் எதிரியை வைத்துக்கொண்டு, ‘இவன் எனக்காகத் திரும்புவான்’ என்று நம்பித் திரும்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வருவதன்று. ஸ்குவாடுகள் வாரந்தோறும் பழகியது அதற்காகத்தான்.

இதனால் பழைய நாள்கள் பொற்காலம் என்று நான் எழுதுவதாக எவரும் கொள்ள வேண்டாம். ‘போர்க்குணம் போயிற்று’ என்ற புலம்பலை 2011-லேயே கேட்டேன். முப்பது விமானங்கள் திரண்டு, காவலற்ற ஒரு தளத்தின்மேல் விழுந்து, பத்து வீரர்களை இறக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரி வருமுன் அடுத்த தளத்துக்கு நகர்ந்துவிடும். வரைபடம் நிறம் மாறும், சண்டை நடந்திராது. பெயர் திரையில் தோன்ற வேண்டுமென்பதற்காகவே நெருக்கடியில் தோழனை விட்டுவிட்டு ஓடித் தரையிறங்கியவர்களும் இருந்தார்கள். புகழ் தைரியத்தையும் தரும், கோழைத்தனத்தையும் தரும்.

கூட்டமாகப் பறப்பதற்கே விதி வகுத்த ஜெர்மானியர் ஆஸ்வால்டு பெல்கே இதை முன்பே கண்டிருந்தார். நால்வராகவோ அறுவராகவோ தாக்குங்கள், ஆனால் பலர் ஒருவன்மேல் பாயாதீர்கள் என்பது 1916-இல் அவர் எழுதிய எட்டு விதிகளில் ஒன்று. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று, ஒரே எதிரியைத் துரத்திய அவரும் அவருடைய தோழர் எர்வின் பேமும் வானில் உரசிக்கொண்டனர், பெல்கே இறந்தார். வயது 25. பிரித்தானிய விமானிகள் அவருக்காக மலர்வளையம் வீசிச் சென்றார்கள். போரில் மேன்மை தேடுவது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்த மலர்வளையத்தை எப்படித் தள்ளுவது?

2023-இல் மீண்டும் மருமகன் வீட்டிற்குச் சென்றேன். இப்போது அவன் விளையாடுவது ‘வார் தண்டர்’. 2012-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; நுழையக் கட்டணமில்லை. பொத்தானை அழுத்தினால் பக்கத்துக்குப் பதினாறு பேர் வரை கணினியே சேர்த்துவிடும். காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன, விமானங்கள் நூற்றுக்கணக்கில். சண்டை உடனே கிடைக்கிறது. வீழ்த்தினால் வெள்ளிக்காசு, அடுத்த விமானத்தைத் திறக்கும் புள்ளிகள். நண்பர்கள் நால்வர் வரை சேர்ந்து பறக்க வழியுண்டு. அவன் தனியாகவே பறந்தான். நான்காம் நிமிடத்தில் வீழ்ந்தான். உடனே வெளியேறி, வேறொரு விமானத்துடன் வேறொரு போருக்குப் புறப்பட்டுவிட்டான்.

“அந்தச் சண்டை என்ன ஆயிற்று?” என்று கேட்டேன்.

“தெரியாது மாமா” என்றான், நான் கேட்டதே புரியாதவன் போல.

ஆள் அவனேதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்த பிறகும் காத்திருந்தவன். ஆகவே ‘இன்றைய தலைமுறைக்கு வீரமில்லை’ என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதற்கில்லை. பத்து நிமிடத்துக்குப் பின் எவரும் நினைவில் வைத்திராத பெயரை எவன் காப்பாற்றுவான்? மறுபடி காணப்போகாதவனுக்காக எவன் முதுகைக் காட்டித் திரும்புவான்? பரிசு தனித்தனியே எண்ணப்படும்போது, வீடு திரும்பும் தோழனுக்காகச் செலவிடும் அரைமணி வெறும் நட்டமே. விதியை எழுதியவர் மனிதரையும் ஓரளவு எழுதிவிடுகிறார்.

அவனும் ஒரு நியாயம் சொன்னான். “வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி நேரம் எனக்கு ஏது மாமா? பாப்பாவைத் தூங்க வைக்கணும். இது இருபது நிமிஷம் கிடைச்சாலும் ஆடலாம்.” மறுக்க முடியவில்லை. சந்தா கட்ட வழியில்லாத மாணவனும் இன்று பறக்கிறான். அதுவும் சிறிய காரியமன்று. பழைய கதவு குறுகலானது. உள்ளே இருந்தவர்கள் நெருக்கமாக இருந்ததற்கு அக்குறுகலும் ஒரு காரணம்.

எண்ணெய் படிந்த கண்ணாடியோடு அன்று திரும்பி வந்தாரே, அவர் யார் என்று கேட்டேன். ஒஹாயோவில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநராம். நேரில் ஒருநாளும் சந்தித்ததில்லை. குழு கலைந்து ஆண்டுகள் பல ஆகியும் ஒவ்வொரு கிறிஸ்து பிறப்புக்கும் அவரிடமிருந்து வாழ்த்தட்டை வந்துவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்ததை எடுத்துக் காட்டினான். கீழே கையெழுத்திட்டிருந்தது அவருடைய சொந்தப் பெயரன்று, அழைப்புப்பெயர்.