தோடம்பழ வேலி

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது வில்கமுவ. அதன் கடைத்தெரு ஊர் ஹெட்டிபொல. சிங்களத்தில் ‘ஹெட்டி’ என்றால் செட்டி, ‘பொல’ என்றால் சந்தை. ஊரின் பெயரிலேயே வியாபார வாசம்!

கடைத்தெருவைத் தாண்டினால் வயல்வெளி. அதற்கப்பால் வஸ்கமுவ தேசியப் பூங்கா. 1984இல் பிரகடனமான இந்தக் காட்டுக்குக் கிழக்கே மகாவலி கங்கை, மேற்கே அம்பன் கங்கை. எல்லாளனும் துட்டகைமுனுவும் மோதிய இடமென்று மரபு சொல்லும் யுதகனாப்பிட்டியவும் இதற்குள்தான் இருக்கிறது.

காடு வயலைத் தொடும் இடத்தில் யானைக்கும் விவசாயிக்கும் இடையே ஓயாத இழுபறி. நெல் கதிர் முற்றும் காலத்தில் பரண் மீது விடிய விடிய விழித்திருக்க வேண்டும். வெடிச் சத்தம், தீப்பந்தம், கூச்சல் என்று இரவு கழியும்.

இங்கேதான் தோடம்பழம் வருகிறது. எலுமிச்சை இனப் பழங்களை யானை விரும்பாது என்பதைக் கவனித்த இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம், வஸ்கமுவ ஓரக் கிராமங்களில் வீட்டுத் தோட்டங்களைச் சுற்றித் தோடை மரங்களை நட ஊக்குவிக்கிறது. மின்வேலி தடுக்க மட்டுமே செய்யும். தோடை மரமோ காய்த்துப் பணமும் தரும்.

பச்சைத் தோலோடே பழுக்கும் இந்த ஊர்த் தோடம்பழத்தைக் கையில் எடுத்து நகத்தால் லேசாகக் கீறினால் போதும், எண்ணெய் தெறித்து விரலெல்லாம் மணக்கும். நமக்கு நாவூறச் செய்யும் அதே மணம், யானையைத் தோட்டத்து ஓரத்திலேயே தயங்க வைக்கிறது.