தராசில் ஏறாத தண்டனை

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்னும் புதினம் 1866-இல் ஒரு ருஷ்ய இதழில் தொடராக வெளிவந்தது. அதே பெயரை 1968-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் தம் ஆய்வுக் கட்டுரைக்குச் சூட்டினார். குற்றம் புரிபவனும் இலாப நட்டம் பார்ப்பவனே; பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் எடைபோட்ட பின்னரே செயலில் இறங்குகிறான் என்பது அவர் வாதம். அந்தத் தராசைக் கையிலேந்திப் புதினத்தை மீண்டும் படிப்போம்.

ரஸ்கோல்னிகவ் கணக்குப் பார்க்காதவன் அல்லன். தன் குடியிருப்பிலிருந்து வட்டிக்கடைக் கிழவியின் வீடு வரை 730 அடிகள் என்று எண்ணி வைத்திருக்கிறான். கோடரியை மறைக்க மேலங்கியின் உட்புறம் வளையம் தைக்கிறான். அறிவு தடுமாறுவதால்தான் குற்றவாளிகள் அகப்படுகிறார்கள், தன் அறிவோ தடுமாறாது என்றும் முடிவு கட்டுகிறான். பிடிபடமாட்டோம் என நம்புகிறவனுக்குத் தண்டனை எட்டாண்டாயினும் எண்பதாண்டாயினும் ஒன்றுதானே!

அவனை உந்துபவை சிறு வாய்ப்புகளே. மறுநாள் மாலை ஏழு மணிக்குக் கிழவி தனித்திருப்பாள் என்ற செய்தி சந்தையில் தற்செயலாகக் காதில் விழுகிறது. சமையலறையில் பணிப்பெண் இருப்பதால் கோடரி கிட்டாமல் திகைக்கிறான். ஆளில்லாத காவலாளி அறையில் வேறொன்று கிடைக்கிறது. அந்த அறை பூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்?

இக்கேள்வி வெறுங்கற்பனையன்று. 1980-இல் மேற்கு ஜெர்மனியில், தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டினால் உடனடி அபராதம் என்ற நிலை வந்தது. திருட்டைத் தடுப்பது அதன் நோக்கமன்று. ஆயினும் 1986-க்குள் மோட்டார் சைக்கிள் திருட்டுகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தன. வாய்ப்புக் கண்டு திருடவந்தவன் கையில் தலைக்கவசம் இல்லை, அது போதுமாயிற்று.

தண்டனையின் கொடுமையைவிட அதன் தவறாமையே குற்றத்தைத் தடுக்கும் என இத்தாலியரான பெக்காரியா 1764-இலேயே எழுதினார். புதினத்தின் விசாரணையாளர் போர்ஃபிரியும் இதை அறிந்தவர். அவர் தூக்குமரத்தைக் காட்டி மிரட்டுவதில்லை. தப்ப வழியில்லை என்பதையே மெல்ல உணர்த்துகிறார்.

ஆனால் பூட்டு கையைத்தான் தடுக்கும். சிலருக்கு அழிக்கும் உரிமை உண்டு என எண்ணிய அம்மனத்தை அது தொடாது. அதைத் தொடுபவள், இலாசரின் உயிர்ப்பைப் படித்துக்காட்டும் சோனியா. பெக்கரின் கணக்கில் அவளுக்கு இடமில்லை. தஸ்தயேவ்ஸ்கியும் பின்னுரையில் மனமாற்றத்தைச் சற்று விரைந்தே முடித்துவிடுகிறார். எனினும் நூலின் முதற்பகுதி நமக்குப் போதிய எச்சரிக்கை தருகிறது. ஒவ்வொரு கொடுஞ்செயலுக்குப் பின்னும் 'தண்டனையைக் கூட்டுக' என முழங்கும் நாம், காவலாளி அறையின் கதவு ஏன் திறந்து கிடந்தது என்பதையும் கேட்கவேண்டாமா?