அடித்தல் திருத்தல் இல்லாத ஏடு

நோயாளியின் விடியற்காலைச் சிறுநீரைக் கலத்தில் வாங்கி, அசையாமல் வைத்து, ஒரு துளி நல்லெண்ணெயை மேலே விட்டு, அது பரவும் வடிவத்தைப் பார்ப்பது சித்த மருத்துவத்தின் நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வளி; மோதிரம்போல் வளைந்தால் அழல்; முத்துப்போல் திரண்டு நின்றால் ஐயம். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நூல் இந்தத் தேர்வுக்கு விதிக்கும் நிபந்தனைகள் கவனத்துக்கு உரியவை. முந்தைய நாள் உணவு அளவோடு இருந்திருக்க வேண்டும். சிறுநீரைக் குறித்த நேரத்தில் எடுக்க வேண்டும். குறித்த பொழுதுக்குள் பார்த்துவிட வேண்டும். தேர்வுக்கு முன்பே நிபந்தனை வகுத்துக்கொள்ளும் மனம் ஆய்வாளனின் மனம். ஆனால் அந்த மனம் அடுத்த படியில் ஏறவில்லை. முத்தாக நின்ற துளி எத்தனை பேரிடம் ஐய நோயாக முடிந்தது, எத்தனை பேரிடம் பொய்த்தது என்ற கணக்கை நமக்குக் கிடைத்த ஏடுகள் சொல்வதில்லை. சித்த மருத்துவத்தின் சரிவை விளக்க வேறு எங்கும் போக வேண்டாம். இந்த இல்லாத கணக்கிலிருந்து தொடங்கலாம்.

கோட்பாட்டை முதலில் எடைபோடுவோம். ஐம்பூதம், தொண்ணூற்றாறு தத்துவம், வளி, அழல், ஐயம் எனும் முக்குற்றம், ஏழு உடற்கட்டுகள் என விரியும் கட்டமைப்பில் உள்ளிசைவு இருக்கிறது. சுவை பூதத்தோடும், பூதம் குற்றத்தோடும், குற்றம் பருவத்தோடும் பிணைந்திருப்பதால் உணவும் மருந்தும் ஒரே இலக்கணத்துக்குள் வருகின்றன. பத்தியமும் துணைமருந்தும் இந்த இலக்கணத்தின் நேர் விளைவுகள். ஒரே செந்தூரத்தைத் தேனில் கொடுப்பதா, நெய்யில் கொடுப்பதா என்று தீர்மானிக்கும் வைத்தியர் நோயின் பெயரோடு நின்றுவிடாமல் நோயாளியின் உடல்வாகையும் பார்க்கிறார். இது சிறப்பு. ஆனால் வகைப்படுத்தும் ஆற்றல் வேறு, விளக்கும் ஆற்றல் வேறு. நோய் தணிந்தால் குற்றம் தன்னிலைக்கு வந்தது என்கிறோம். தணியாவிட்டால் வேறொரு குற்றம் மேலோங்கியது என்கிறோம். எந்த விளைவு வந்தாலும் உடைபடாத கோட்பாட்டுக்கு எந்த விளைவும் சான்றாகவும் முடியாது. எண்வகைத் தேர்வின் தலைமையிடத்தில் உள்ள நாடிக்கும் இதே நிலைதான். வளி ஒன்று, அழல் அரை, ஐயம் கால் என்ற அளவும், ஆமை, தவளை, பாம்பு எனும் நடை உவமைகளும் விரல் நுனியைப் பழக்கும் அருமையான பயிற்சிக் கருவிகள். ஒரே கையை இருவர் தனித்தனியே பிடித்துப் பார்த்து, ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று சோதிப்பதோ பயிற்சியின் வழக்கமாக ஆகவில்லை.

இம்மரபின் உண்மையான சாதனை அதன் மருந்துக் கூடத்தில் இருக்கிறது. இங்கே நான் தயக்கமில்லாமல் பாராட்டுவேன். அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்ற பகுப்பு வெறும் எண்ணலங்காரம் அன்று. சாறு முதல் சுண்ணம் வரை ஒவ்வொன்றும் தனிச் செய்முறை. பெரும்பாலானவற்றுக்குத் தனி ஆயுள் வரம்பும் உண்டு. சரக்கைச் சுத்தி செய்யாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது மாற்றமில்லாத விதி. வெப்பமானி இல்லாத காலத்தில் வரட்டியின் எண்ணிக்கையால் வெப்பத்தை அளந்து, காடைப் புடம் முதல் கஜபுடம் வரை படி வகுத்தார்கள். முடிந்த பற்பத்தில் பளபளப்பு இருக்கக் கூடாது, நீரில் மிதக்க வேண்டும், விரல் ரேகைக்குள் புக வேண்டும் என்று தரம் நிர்ணயித்தார்கள். மிதப்பதும் ரேகையில் படிவதும் துகளின் நுண்மைக்குச் சான்று. கைத்தொழில் மட்டத்தில் இதைவிடக் கறாரான தரக்கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் நுண்மை நஞ்சின்மைக்குச் சான்று ஆகாது. இலிங்கத்தில் உள்ள பாதரச கந்தகச் சேர்மம் எளிதில் கரையாதது. வீரத்தில் உள்ள இரச உப்பு எளிதில் கரையும். இரண்டும் இரசச் சரக்குகளே, உடலில் செய்வது ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறிய விரல் ரேகை உதவாது. வேதியியல் வேண்டும், நோயாளியின் சிறுநீரகத்தைத் தொடர்ந்து கவனிக்கவும் வேண்டும். முறையாகச் செய்தால் தீங்கில்லை என்பது இத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி. முறையாகச் செய்யப்பட்டது என்று ஒவ்வொரு புட்டிக்கும் காட்ட முடிந்தால்தான் அந்த மறுமொழிக்கு எடை உண்டு.

பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்று இங்கே பயன்படும். 1970-களின் தொடக்கத்தில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஒரு நாட்டு வைத்தியச் செய்முறையைக் கையில் எடுத்தார்கள். அதில் மூன்று சரக்குகள்: நம் வெள்ளைப் பாஷாணம், நம் பூரம், தேரை நஞ்சு. அவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்து, வேலை செய்வது பாஷாணம் மட்டுமே என்று கண்டு, மற்றவற்றை விலக்கினார்கள்; அளவை வரையறுத்தார்கள்; ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுக்கே அது சிறப்பாகப் பயன்படுகிறது என்று வரம்பும் கட்டினார்கள். 2000-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் தந்தது. அறுபத்து நான்கு பாஷாணங்களுக்கும் இலக்கணம் எழுதிய மரபு நம்முடையது. சரக்கும் அடுப்பும் துணிவும் நம்மிடம் இருந்தன. விலக்கும் பழக்கம்தான் இல்லை.

இந்தக் குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததா? ஒரு சான்று எதிர்த்திசையில் பேசுகிறது. பரங்கிப்பட்டை சீனத்து வேர். பரங்கிப்புண் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் இங்கே பரவிய மேகநோய். இரண்டும் பழஞ்சித்தர் பெயர் தாங்கிய நூல்களில் இடம்பெறுகின்றன. அப்பகுதிகள் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவையாக இருக்க முடியாது. இதைப் பழமைக்கு நேர்ந்த இழுக்காகக் கருதி மறைப்போர் உண்டு. எனக்கோ இதுவே மரபின் பெருமை. புதிய நோய் வந்ததும் புதிய மருந்தைத் தேடி, கடல்வழி வந்த சரக்கைக் கூசாமல் ஏற்று, செய்முறை வகுத்திருக்கிறார்கள். குற்றம் அந்தப் புதுமையை அகத்தியர் தலையில் ஏற்றியதில் இருக்கிறது. புதியது பழைய பெயரில் நுழைந்ததும் அதன் காலம் அழிகிறது, ஆசிரியர் மறைகிறார். பிழையைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. பரிபாஷை இதை மேலும் இறுக்கியது. நச்சுச் சரக்கு தகாதவர் கையில் சிக்காமல் காப்பதற்கு மறைமொழி நியாயமான ஏற்பாடுதான். அதே மறைமொழி, தகுந்தவர் பிழை காண்பதையும் தடுத்தது. இந்தப் பூட்டைத் திறக்க முயன்றவர் டி. வி. சாம்பசிவம் பிள்ளை. காவல்துறையில் பணியாற்றிய அவர் தொகுத்த மருத்துவ அகராதி 1930-களில் வெளிவரத் தொடங்கியது. எஞ்சிய பகுதிகள் அவர் மறைவுக்குப் பிறகே அச்சேறின. ஒரு பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய பணி அது.

வீழ்ச்சிக்கு ஆங்கில ஆட்சியே காரணம் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. 1914-ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவருக்கு மட்டுமே பதிவுரிமை தந்தது. 1918-ல் அரசு பணித்த டாக்டர் கோமன் உள்நாட்டு மருந்துகளை ஆராய்ந்து, மரபுக்குச் சாதகமில்லாத அறிக்கை தந்தார்; வைத்தியர்கள் கொதித்தார்கள். 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு 1923-ல் மறு அறிக்கை தந்தது. அதில் செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி எழுதிய நெடிய குறிப்பு, இந்திய மருத்துவத்தின் தத்துவம் அறிவியல் தகுதி உடையது என்று வாதாடியது. வாதம் நேர்த்தியானது, ஆனால் இடம் மாறிப்போன வாதம். கோமன் மருந்தைப் பற்றிக் கேட்டார், குழு தத்துவத்தைப் பற்றி விடை சொன்னது. எந்த மருந்து எந்த நோயில் பலித்தது என்று நிறுவ வேண்டிய தருணத்தில் பூதங்களின் மாண்பு நிறுவப்பட்டது. அந்தப் பழக்கத்திலிருந்து துறை இன்னும் முழுதாக மீளவில்லை.

அதன்பின் நிறுவனங்கள் வளர்ந்தன: 1964-ல் பாளையங்கோட்டைக் கல்லூரி, 2005-ல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். பட்டமும் பதவியும் கிடைத்தன. ஆனால் மருந்துச் சட்டத்தின் நூற்பட்டியலில் உள்ள ஒரு நூல் சொன்னபடி செய்த மருந்துக்கு அந்த நூலே பயனுக்குச் சான்றாக ஏற்கப்படுகிறது. சலுகைபோல் தோன்றும் இந்த ஏற்பாடு உண்மையில் ஒரு பூட்டு. நிரூபிக்கும் கடமையை நீக்கியதன் மூலம், நிரூபிக்கும் திறனை வளர்க்கும் தேவையையும் சட்டம் நீக்கிவிட்டது.

அண்மைக் காலச் சோதனையிலும் இதைக் கண்டோம். டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீர், 2020-ல் கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர் எனத் தெருமுனையில் அண்டா வைத்து எல்லோருக்கும் ஒரே கஷாயம் ஊற்றினார்கள். தனி உடல்வாகுக்கேற்ப மருந்து மாறும், ஆகவே எங்களைக் கூட்டுச் சோதனையால் அளக்க முடியாது என்பது இத்துறையின் நெடுநாள் வாதம். ஒரே கஷாயத்தை ஊருக்கெல்லாம் வழங்கிய பிறகு அந்த வாதத்துக்கு இடமில்லை. மேலும், நிலவேம்புக் குடிநீரில் சேரும் பற்படாகம் தமிழ்நாட்டில் ஒரு செடி, கேரளத்தில் வேறொரு செடி. சரக்கே இரண்டாக இருக்கும்போது பலனை ஒன்றாகக் கூற முடியாது. குடித்தவரையும் குடிக்காதவரையும் ஒப்பிட்டுப் பெரிய அளவில் பதிவு செய்ய அரிய வாய்ப்பு கிடைத்தது. அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

என் தீர்ப்பு இது. சித்த மருத்துவத்தின் கோட்பாடு ஒரு நல்ல வகைப்பாட்டு மொழி. அதை உடலின் உண்மையாகக் கொள்ள ஆதாரம் இல்லை. அதன் மருந்தாக்கம் உயர்ந்த கைவினை. அதில் சோதிக்கத் தகுந்தவை ஏராளம், சோதித்து நிறுவப்பட்டவை சில. மருத்துவ நெறி என்ற நிலையில் அது முற்றுப்பெறாத பணி. பள்ளிச் சான்றிதழில் அடித்தல் திருத்தல் இல்லாமை தகுதி. மருத்துவ நூலில் அது குறை. நான் புரட்டிய குணபாட (மருந்தியல்) நூல்களில் சேர்த்தல் உண்டு, விளக்கம் உண்டு. பயனில்லை என்று தேர்ந்து விலக்கிய ஒரு மருந்தின் பெயர் இல்லை. துறையின் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: அடுத்த பதிப்பின் இறுதியில் விலக்கப்பட்டவற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள், காரணத்தையும் ஆண்டையும் குறித்து, முதல் பெயரை எழுதுங்கள்.