குமிழ் வைத்த மிதியடி

பொட்டிபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் மிதியடிக்கட்டை ஒரு ஜோடி இருக்கிறது. தோலும் இல்லை, வாரும் இல்லை. முன்பக்கம் ஒரு மரக்குமிழ் மட்டும். பெருவிரலும் அடுத்த விரலும் அதை இறுகப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் காலைவிட்டுக் கழன்றுவிடும். நிதானமாக நடந்தால் 'டக், டக்' என்று கூடவே வரும். திண்ணையில் ஒருநாள் போட்டு நடந்தேன். பத்தே நடையில் விரலிடுக்கு சிவந்துவிட்டது.

அதைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் எனக்குத் தத்துவ போதகர் நினைவுதான். இத்தாலியில் பிறந்த சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலிதான் அவர்; 1606-இல் மதுரைக்கு வந்தார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். தோல் செருப்பை விட்டு மரமிதியடிக்கு மாறினார். புலால் கிடையாது. ஒருவேளை மட்டும் சோறும் காய்கறியும். மற்ற நேரமெல்லாம் ஜெபமும் படிப்பும்: தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம். அந்தப் படிப்பில் விளைந்தவைதான் 'ஞானோபதேசம்' முதலான அவருடைய தமிழ் உரைநடை நூல்கள். பின்னால் வந்த அதே சபைத் துறவி அருளானந்தரும் துறவிக் கோலத்திலேயே மறவர் சீமை வரை அலைந்து, 1693-இல் ஓரியூரில் உயிர் கொடுத்தார்.

நூல்களைப் போற்றுகிறோம்; சரிதான். எனக்கோ மிதியடியால் அவர் விரலிடுக்கில் விழுந்திருக்கும் காய்ப்புதான் பெரிதாகப் படுகிறது. எங்கள் பக்கத்துப் போடிமெட்டு ஏலத்தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்கூட முதலில் சரிவில் கால் ஊன்றத்தான் பழகுகிறார்கள். நொபிலியும் நம் மண்ணில் நடை பழகியபடியேதான் நம் பேச்சையும் பழகியிருப்பார்.